இரண்டு ஒடுக்கத்துப் புதன்

அறுபத்திரண்டாம் வருஷம் சஃபர் மாதத்துப் பிறையைக் கடையநல்லூரில் முதல் ஆளாகப் பார்த்தவன் நான்தான். இரண்டாவது ஆள் என்று யாரும் கிடையாது. அந்தப் பெருமையை ஒரு மாதம் சுமந்துகொண்டு தெருவில் நடந்தேன். அதை எங்கே, எப்படி இறக்கி வைத்தேன் என்பதைச் சொல்கிறேன்.

என் பெயர் மசூது. தறிக்காரன். 'நாள் பார்க்கிற மசூது' என்று தெருவில் சொல்வார்கள். கேலியாகத்தான் சொல்வார்கள், நான் அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்வேன். எந்தக் கிழமை தென்காசி பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கும், சங்கரன்கோவில் தபசுக் கூட்டம் என்றைக்குக் கலையும், குற்றாலத்தில் எந்த வாரம் தண்ணீர் நன்றாக விழும் என்று எவன் கேட்டாலும் என்னிடம் பதில் இருக்கும். பாதி சரியாக இருக்கும். மீதிப் பாதியை நானே மறந்துவிடுவேன்.

எங்கள் தொழிலே வானத்தைப் பார்த்துச் செய்கிற தொழில். தறியில் ஏற்றுவதற்கு முன்னால் பாவு நூலைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி போட்டு, வெயிலில் உலர்த்த வேண்டும். ஆனி ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாகக் காற்று வந்து சாரல் அடிக்க ஆரம்பித்தால் கஞ்சி காயாது. தெருவில் பாவு நிற்காது, வீட்டில் தறி நிற்கும். அதனால் குற்றாலத்தில் அருவி விழுகிற நாளும் எங்களுக்கு ஓய்வு கிடைக்கிற நாளும் ஒன்றுதான்.

ஆனால் ஓய்வு மட்டும் இருந்தால் போதுமா? எங்கள் மாதங்கள் பிறையைப் பார்த்து நடப்பவை. வருஷத்துக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னால் நகர்ந்துகொண்டே போகும். ஒரு காலத்தில் சாரலோடு நோன்பு வந்தது. பட்டினியோடு யார் அருவிக்குப் போவது? அப்புறம் சில வருஷம் முஹர்ரம் வந்தது. அதற்கு அடுத்த மாதம் சஃபர். சஃபர் மாதத்தைப் பீடை மாதம் என்பார்கள் எங்கள் பெண்கள். அந்த மாதத்தில் கல்யாணப் பேச்சு எடுக்க மாட்டார்கள், பெண் பார்க்க மாட்டார்கள், புதுத் துணி உடுத்த மாட்டார்கள். அந்த மாதத்தின் கடைசிப் புதன்கிழமைதான் ஒடுக்கத்துப் புதன். அன்று மாவிலையில் ஓதி எழுதியதைக் கரைத்துக் குடித்து, ஓடுகிற தண்ணீரில் தலை முழுகிவிட்டால் பீடை கழிந்தது என்று அர்த்தம். மற்ற வருஷங்களில் ஆற்றுக்கோ கிணற்றுக்கோ போவோம். அந்த வருஷம் அந்தப் புதன்கிழமை ஆடி மாதத்து நடுவில் வந்து விழுந்தது. முப்பது வருஷத்துக்கு ஒரு தடவை வாய்க்கிற சங்கதி. அருவியை விட்டுவிட்டு யார் கிணற்றைத் தேடுவார்கள்?

எங்கள் வீட்டுக்கு அந்தப் புதன்கிழமை தலை முழுகுவதற்கு மட்டும் இல்லை. என் தங்கை ராபியாவுக்கு அப்போது இருபத்து மூன்று வயது. வாப்பாவும் உம்மாவும் போன பிறகு அவளுக்கு நான்தான் எல்லாம். முதலில் பேசி முடித்த மாப்பிள்ளை பினாங்குக்குப் போனவன் அங்கேயே ஒரு கல்யாணத்தை முடித்துக்கொண்டான். குற்றம் அவனுடையது, பேர் கெட்டது இவளுக்கு. "அந்தப் பிள்ளைக்கு என்ன குறையோ?" என்று தெரு கேட்க ஆரம்பித்தது. இரண்டு வருஷமாக ஒரு வீட்டிலிருந்தும் ஆள் வரவில்லை.

என் மனைவி ஜாஹிரா பீவி தென்காசிக்காரி. முஹர்ரம் மாதத்தில் தாய்வீட்டுக்குப் போனவள் ஒரு நல்ல சேதியோடு வந்தாள். அவள் தெருவில் ஹைருன் பீவி என்று ஒரு அம்மா. அவர் மகன் பரீது கொழும்பில் துணிக்கடையில் இருக்கிறான். லீவில் வந்திருக்கிறான். ஆகஸ்ட் பத்தாம் தேதிக்குள் திரும்ப வேண்டும். அதற்குள் பெண்ணைப் பார்த்துப் பேச்சை முடித்துவிட்டால், அடுத்த லீவில் கல்யாணம். ஆனால் சஃபர் பிறக்கப் போகிறது, பெண் பார்க்க வர மாட்டார்கள். அதனால் ஜாஹிராவும் ஹைருன் பீவியும் சேர்ந்து ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். ஒடுக்கத்துப் புதன் அன்று ஐந்தருவியில் பெண்கள் குளிக்கிற பக்கம் நாமும் போவோம், அவர்களும் வருவார்கள். தற்செயலாகப் பார்த்துக்கொண்ட மாதிரி இருக்கும். பெண்ணைப் பார்த்ததாகவும் ஆயிற்று, பார்க்காததாகவும் ஆயிற்று.

தேதியை யாரும் சொல்லவில்லை. ஒடுக்கத்துப் புதன் என்றால் ஒடுக்கத்துப் புதன்தானே. பெருநாளைக்குத் தேதி சொல்லியா அழைக்கிறோம்?

இங்கேதான் நான் உள்ளே நுழைந்தேன்.

ஆடி அமாவாசை ஜூலை முப்பத்தொன்று, செவ்வாய்க்கிழமை என்று எனக்குத் தெரியும். பஞ்சாங்கக் காலண்டர் ஒன்று வைத்திருந்தேன், கூட்டம் பார்ப்பதற்காக மட்டும். அமாவாசைக்குத் தர்ப்பணம் கொடுக்கச் சுற்றுப்பட்டு ஊரெல்லாம் குற்றாலத்துக்கு வரும். மறுநாள் புதன்கிழமையும் அந்தக் கூட்டம் கலையாது. எங்கள் ஒடுக்கத்துப் புதன் அன்றைக்கே வந்தால் பெண்களைக் கூட்டிக்கொண்டு எந்த பஸ்ஸில் ஏறுவது? அதற்கு முந்தின புதனாக வந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று மனசுக்குள் ஆசை ஓடிக்கொண்டிருந்தது.

முஹர்ரம் முடிகிற நேரம், ஒரு திங்கட்கிழமை மாலை, பிறை பார்க்க மச்சுக்கு ஏறினேன். சாரல் காலத்தில் எங்கள் ஊரில் பிறை பார்ப்பது என்பது சும்மா ஒரு சடங்குதான். அருவியில் தண்ணீர் கொட்ட வைக்கிற அதே மேகம் மேற்கு வானத்தையும் மூடிக்கொள்ளும். அருவி இருந்தால் பிறை இல்லை, பிறை இருந்தால் அருவி இல்லை. ராபியா, காயாத நூல் கழிகளை எடுக்க வந்தவள், என் பக்கத்தில் நின்றாள். மலைக்கு மேலே மேகம் கொஞ்சம் விலகிய இடத்தில் வெள்ளையாக, மெல்லிசாக ஒரு வளைவு தெரிந்தது.

"அன்னா பாரு! தெரியுதா?" என்றேன்.

ராபியா கையை நெற்றியில் வைத்துப் பார்த்தாள். "மேகம் மூடிட்டே அண்ணே" என்றாள்.

நான் அப்போதே பள்ளிவாசலுக்கு ஓடிவிட்டேன்.

ரமலான் பிறை என்றால் இரண்டு மூன்று சாட்சி கேட்டுக் குடைந்திருப்பார்கள். சஃபருக்கு யார் குடைவது? எங்கள் தெருப் பள்ளிவாசல் அசரத்து, "நல்லாப் பாத்தியா மசூது?" என்று ஒரு கேள்வி கேட்டார். "ரெண்டு கண்ணாலயும் பாத்தேன் அசரத்து" என்றேன். செவ்வாய்க்கிழமை சஃபர் ஒன்று என்று ஆயிற்று. அந்தக் கணக்கில் ஜூலை முப்பத்தொன்று செவ்வாய் இருபத்தொன்பதாம் நாள். அன்று மாலை அடுத்த பிறை தெரிந்துவிட்டால் மறுநாள் புதன்கிழமை அடுத்த மாதத்தில் போய்விடும். சந்தேகத்தில் நிற்க வேண்டாம், முந்தின புதன் இருபத்தைந்தாம் தேதியையே ஒடுக்கத்துப் புதனாக வைத்துக்கொள்ளலாம் என்று அசரத்து சொன்னார். எனக்கு உள்ளுக்குள் கொண்டாட்டம்.

இருபத்தைந்தாம் தேதி முதல் பஸ்ஸுக்கே போய்விட்டோம். எங்கள் தெரு ஆட்கள் நாற்பது பேர் வந்தார்கள். சாரல் இதமாகத் தூறிக்கொண்டிருந்தது. ஐந்தருவியில் ஐந்தும் தனித்தனியாக, அளவாக விழுந்தது. பஸ்ஸில் இடம், அருவியில் இடம், எங்கே பார்த்தாலும் இடம்.

"பாத்தியா கூட்டமே இல்ல. நாள் பாக்கணும்னா இப்படிப் பாக்கணும்" என்று ஜாஹிராவிடம் சொன்னேன்.

"அவிய இன்னும் வரலையே" என்றாள் அவள்.

ராபியா காலையில் தலை முழுகினாள். பிறகு துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு ஒரு பாறையில் உட்கார்ந்தாள். அந்தப் பக்கம் வெள்ளைத் துப்பட்டி எது வந்தாலும் ஜாஹிரா கழுத்தை நீட்டுவாள், பிறகு உட்காருவாள். ராபியா கழுத்தை நீட்டவில்லை. அவள் காலடியில் ஓடுகிற தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். மதியம் தேங்காய்ச் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தோம். அவள் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு மீதியைக் குரங்குக்குப் போட்டாள். எங்கள் தெரு ஆட்கள் ஒவ்வொரு குடும்பமாகக் கிளம்பிப் போனார்கள். மாலை அஸர் தொழுகை நேரம் ஆயிற்று. ஹைருன் பீவி வரவில்லை. கடைசி பஸ்ஸுக்கு நாங்கள் மூன்று பேரும் போய் நின்றோம்.

வீட்டுக்கு வந்து நான் ஆடிய ஆட்டத்தை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. "கொழும்புக்காரன்னா கொம்பா மொளச்சிருக்கு? ஒரு பொம்பளப் பிள்ளையைக் காலைல இருந்து சாயங்காலம் வரை பாறையில உக்கார வைக்கதுக்கு அவிய ஆரு? பினாங்குக்காரன் பரவால்ல, கடலுக்கு அந்தப் பக்கம் போயித்தான் ஏமாத்தினான்" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரிக் கத்தினேன்.

"நான் ஒரு நடை தென்காசிக்குப் போயி என்னன்னு கேட்டுட்டு வாறேங்க. அவிய அப்படிப்பட்ட ஆளுவ இல்ல" என்றாள் ஜாஹிரா.

"போ. போனா அங்கனயே இருந்துக்கோ."

அவள் போகவில்லை. ராபியா ராட்டைக்கு முன்னால் உட்கார்ந்து தறி நாடாவுக்கு நூலைத் தார் சுற்ற ஆரம்பித்தாள். தறிக்கே வேலை இல்லாத நாளில் யாருக்குத் தார்? அடுத்த ஐந்து நாளும் அவள் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டே இருந்தாள். அந்த ராட்டைச் சத்தம் என்னைத் திட்டுகிற மாதிரியே இருந்தது.

செவ்வாய்க்கிழமை ஒரு துணி மூட்டையைக் கொடுக்கத் தென்காசிக்குப் போனேன். ஆடி அமாவாசை. பஸ் ஸ்டாண்டில் கால் வைக்க இடமில்லை. ஈர வேட்டியும் நெற்றி நிறையத் திருநீறுமாகக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு இசக்கியப்ப அண்ணாச்சி வந்தார். பாவூர்சத்திரத்தில் காய்கறி வியாபாரம் அவருக்கு, எனக்குப் பத்து வருஷப் பழக்கம். குற்றாலத்தில் தர்ப்பணம் கொடுத்துவிட்டுத் திரும்புகிறார்.

"என்ன வே மசூது! நாளைக்குத்தானே உங்க ஆளுவளுக்குக் குளி? நாளைக்கு ஸ்பெஷல் பஸ் விடுதாவளாம். கண்டக்டர் சொன்னான்."

"அது போன புதனே முடிஞ்சாச்சு அண்ணாச்சி."

"போன புதனா? தென்காசிக் கடைக்காரரு பூரா நாளைக்குக் கடை அடைப்புன்னு சொல்லுதாவளே?"

"அவிய பிறை பாக்கலை. நான் பாத்தேன்" என்றேன். நெஞ்சைக் கொஞ்சம் நிமிர்த்திக்கொண்டும் சொன்னேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "என்னைக்குப் பாத்தீரு?"

"திங்கக்கிழமை. ஜூலை ரெண்டாம் தேதி சாயங்காலம்."

அண்ணாச்சி பை நிறைய ரம்புட்டான் வைத்திருந்தார். பையைக் கீழே வைத்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "வே, போன அமாவாசை ஞாயித்துக்கிழமை. எங்க அம்மைக்கு நான் விரதம் இருந்தேன். அமாவாசைக்கு மறுநா பிறையை எவன்வே பாப்பான்? ஊரு உலகத்துக்கெல்லாம் மூணாம் நாள்தான் தெரியும். உமக்கு மட்டும் தனியா வந்து காட்டிச்சாக்கும்?"

நான் துணி மூட்டையைத் தோள் மாற்றிக்கொண்டேன்.

"அதைவிடும். இன்னைக்கு அமாவாசை. சாயங்காலம் எங்கேயும் பிறை தெரியப் போறதில்ல. அப்பம் நாளைக்கும் உங்க மாசம்தானே? நாளைக்குப் புதன்கிழமைதானே?"

பஸ் ஸ்டாண்டு சத்தமெல்லாம் அடங்கிப் போன மாதிரி இருந்தது எனக்கு. பஞ்சாங்கக் காலண்டர் என் வீட்டுச் சுவரில்தான் தொங்குகிறது. அமாவாசையும் தெரியும், பிறையும் தெரியும். ஒன்று கூட்டத்துக்கு, ஒன்று மார்க்கத்துக்கு என்று தனித்தனியாக வைத்திருந்தேனே தவிர, இரண்டுக்கும் ஒரே நிலாதான் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஹைருன் பீவி எங்களை ஏமாற்றவில்லை. நாங்கள்தான் ஒரு வாரம் முந்திப் போய் உட்கார்ந்திருக்கிறோம். நாளைக்கு நாங்கள் போகாவிட்டால் அவர்கள் எங்களைப் போலவே காத்துக் கிடந்துவிட்டு, என்னைப் போலவே கத்தப் போகிறார்கள். பத்தாம் தேதிக்குள் பரீது போய்விடுவான். அதன் பிறகு என் தங்கைக்கு அந்த வீடு இல்லை.

மூட்டையைக் கொடுத்தேனா, எப்படி வீடு வந்தேன் என்பது சரியாக நினைவில்லை. வந்ததும் இரண்டு பேரையும் கூப்பிட்டு உட்கார வைத்து விஷயத்தைச் சொன்னேன். ஜாஹிரா தலையில் அடித்துக்கொண்டாள். ராபியா ராட்டையை நிறுத்தினாள்.

"எனக்கு அன்னைக்கே சந்தேகம்தான் அண்ணே. நான் மேகத்து ஓரத்தைத்தான் பாத்தேன். அதுதான் வெளுப்பா வளைஞ்சு தெரிஞ்சுது."

"ஏட்டி, அன்னைக்கே சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னா கேப்பியளா?"

அந்தப் பிள்ளை, மேகத்தைத்தான் பார்த்தோம் என்று தெரிந்தே என்னோடு பஸ் ஏறி வந்து, அந்தப் பாறையில் உட்கார்ந்திருக்கிறாள். அண்ணன் சொன்ன நாள் தப்பு என்று சொல்லி அண்ணனைக் குறைத்துவிடக் கூடாதே என்று நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறாள்.

அந்தி மஃரிப் தொழுகை முடிந்ததும் அசரத்திடம் போனேன். "அசரத்து, நான் பாத்தது பிறை இல்ல. மேகம்" என்றேன். அவர் தாடியைத் தடவிக்கொண்டார். "அல்லா மன்னிச்சிருவான் மசூது. தெரு மன்னிக்காது. காலைல முதல் பஸ்ஸுக்கே போயிரு" என்றார்.

முதல் பஸ்ஸுக்குப் போயும் தப்பிக்க முடியவில்லை. பஸ் நிற்கிற இடத்தில் டீக்கடை மூசா, "என்ன மசூது, போன வாரம் முழுகினதுல பீடை பாதிதான் போச்சா?" என்றான். மற்ற நாளாக இருந்தால் அவன் சட்டையைப் பிடித்திருப்பேன். அன்று, "ஆமாடே, கழுவக் கழுவத்தான் போவும்" என்று சொல்லிவிட்டு ஏறிவிட்டேன்.

தென்காசி வரைக்கும் கஷ்டமில்லை. அங்கேதான் மாட்டிக்கொண்டோம். குற்றாலத்துக்குப் போகிற பஸ் ஒவ்வொன்றும் நிறைமாதக்காரி மாதிரி வந்து, நிற்காமல் போயிற்று. அமாவாசைக் கூட்டத்தில் பாதி அங்கேயே தங்கிவிட்டது. எங்கள் ஆட்கள் கூட்டம் அதற்கு மேலே. எட்டு மணி, ஒன்பது மணி, பத்து மணி. கடைசியில் ஒரு குதிரை வண்டிக்காரனைக் கெஞ்சிக் கூத்தாடி ஏறினோம். மழை வலுத்துப் பெய்தது. குதிரை கிழடு. நான் மனசுக்குள் ஓதாத துஆ இல்லை.

குற்றாலம் தாண்டி ஐந்தருவிக்குத் திரும்புகிற சாலையில் போகும்போது மணி பன்னிரண்டு இருக்கும். எதிரே இன்னொரு குதிரை வண்டி வந்தது. ஒதுங்க இடமில்லாமல் இரண்டு வண்டியும் உரசுகிற மாதிரி மெதுவாக நகர்ந்தன. உள்ளே வெள்ளைத் துப்பட்டிகள் தெரிந்தன.

"நிப்பாட்டுங்க! வண்டியை நிப்பாட்டுங்க! மாமி! ஹைருன் மாமி!"

கத்தியது ஜாஹிரா. கல்யாணமான பன்னிரண்டு வருஷத்தில் அவள் தெருவில் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. இரண்டு குதிரையும் மிரண்டு நின்றன. அந்த வண்டிக்குள்ளிருந்து கனத்த முகம் ஒன்று வெளியே வந்தது.

"இப்பம்தான் விடிஞ்சுதா உங்களுக்கு? காலைல ஏழு மணில இருந்து உக்காந்து வேர் பிடிச்சுப் போச்சு. போதும்னு இப்பம்தான் கிளம்புனோம்."

"பஸ்ஸே கிடைக்கல மாமி."

ஹைருன் பீவி ஜாஹிராவைப் பார்த்தார். பிறகு அவளுக்குப் பின்னால் தலையைக் குனிந்துகொண்டிருந்த ராபியாவைப் பார்த்தார். கொஞ்சம் அதிகமாகவே பார்த்தார். "சரி, வண்டியைத் திருப்புடே" என்று வண்டிக்காரனிடம் சொன்னார். எனக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது.

அன்று அருவி மதர்ப்பாக விழுந்தது. பெண்கள் அவர்கள் பக்கம் போனார்கள். நானும் அந்த வண்டியில் வந்திருந்த பரீதும் டீக்கடை ஓரத்தில் ஒதுங்கினோம். கண்ணாடி போட்ட, ஒல்லியான பையன். அதிகம் பேசவில்லை. டீ வந்ததும் பேச்சு வேண்டுமே என்று அவனே ஆரம்பித்தான்.

"உங்க ஊர்ல ஆரோ ஒருத்தர் அமாவாசைக்கு மறுநாளே பிறையைப் பாத்தாராமே? எங்க தெரு பூரா அதான் சிரிப்பு."

"அப்படியா?" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். இதற்கு மேல் ஏன் சொல்ல வேண்டும்? நல்லபடியாகக் காரியம் முடிகிற நேரத்தில் நானே போய் என் முட்டாள்தனத்தை அவிழ்த்து வைக்க வேண்டுமா? எங்கள் தெருவுக்குள் தெரிந்தது தெருவோடு போகட்டும் என்று நினைத்தேன்.

ஒரு மணி நேரம் கழித்துப் பெண்கள் வந்தார்கள். முன்னால் வந்த ஹைருன் பீவியின் முகம் சரியில்லை. ஜாஹிராவின் முகம் வெளுத்திருந்தது. ராபியா ஈரத் துப்பட்டிக்குள் நடுங்கிக்கொண்டு நின்றாள்.

"ஒண்ணு கேக்குதேன் மாப்ளே, மறைக்காம சொல்லணும்" என்றார் ஹைருன் பீவி என்னிடம். "பிள்ளை எனக்குப் புடிச்சிருக்கு. ஆனா எங்க தெருக்காரி ஒருத்தி இப்பம் அருவிக்கரையில வச்சு இவளைப் பாத்துட்டு ஒரு வார்த்தை சொல்லுதா. போன புதன்கிழமையும் இந்தப் பிள்ளை இதே பாறையில காலைல இருந்து சாயங்காலம் வரை உக்காந்திருந்திச்சாம். நான் இவகிட்டக் கேட்டேன், பேச மாட்டேங்கா. உங்க வீட்டுக்காரிகிட்டக் கேட்டேன், அவளும் முழிக்கா. போன வாரம் பிள்ளையை ஆருக்குக் காட்டக் கூட்டிட்டு வந்திய? அவிய வேண்டாம்னு போனதுக்குப் பொறவுதான் எங்ககிட்ட வந்தியளா?"

அருவி பக்கத்தில் இடி மாதிரி இரைந்துகொண்டிருந்தது. ராபியா தலையை நிமிர்த்தவில்லை. ஜாஹிரா என்னைப் பார்த்தாள். இரண்டு பெண்களும் என் மானத்துக்காகத்தான் வாயைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். இன்னும் ஒரு நிமிஷம் நான் சும்மா இருந்தால் அவர்கள் மானம் போய்விடும்.

"உங்களுக்குத்தான் மாமி காட்டக் கூட்டிட்டு வந்தேன்" என்றேன்.

"எங்களுக்கா? போன புதனா?"

"திங்கக்கிழமை பிறை பாத்தேன்னு பள்ளிவாசல்ல சாட்சி சொன்ன முட்டாள் நான்தான். என்னால எங்க தெருவே ஒரு வாரம் முந்தி ஒடுக்கத்துப் புதன் கொண்டாடிச்சு. பிள்ளை உங்களுக்காக முதல் பஸ்ஸுல இருந்து கடைசி பஸ் வரைக்கும் அந்தப் பாறையில உக்காந்திருந்தா. வேற எவனுக்கும் காட்டல. நான் பாத்தது மேகம்னு அவளுக்குத் தெரியும். அண்ணன் பேரு கெட்டுரும்னு சொல்லாம இருந்துட்டா. இப்பமும் அதுக்குத்தான் சொல்லாம நிக்குதா."

டீக்கடையில் இருந்தவர்கள் எல்லாரும் கேட்டிருப்பார்கள். நாளைக்குத் தென்காசி முழுக்கத் தெரியும், நாளை மறுநாள் கொழும்புக்கும் போகும். போகட்டும் என்று நின்றேன்.

முதலில் சிரித்தது பரீது. கண்ணாடியைக் கழற்றி, கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தான். "அந்தப் பிறை நீங்கதானா மச்சான்?"

மச்சான் என்றான். அந்தச் சொல் என் காதில் விழுந்ததும் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தேன்.

ஹைருன் பீவி சிரிக்கவில்லை. ராபியாவின் பக்கம் போய் அவள் ஈரக் கையைப் பிடித்தார். "ஒரு நாள் பூராவா இருந்தே? எங்களுக்காகவா?" என்று கேட்டார். ராபியா தலையை ஆட்டினாள். "நான் காலைல இருந்து பன்னெண்டு மணி வரைக்கும் இருந்ததுக்கே உங்க வீட்டை அத்தனை ஏச்சு ஏசினேனே புள்ளே" என்று சொல்லிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"சஃபர் முடிஞ்சு ரபியுல் அவ்வல் பிறை பொறந்த மூணாம் நாள் நாங்க வீட்டுக்கு வாறோம். தேதி இப்பமே சொல்லிப்புடுதேன், ஆகஸ்ட் நாலு, சனிக்கிழமை. பிறையை எங்க பள்ளிவாசல்ல பாத்துக்கிடுவோம். நீங்க தயவுசெஞ்சு பாக்க வேண்டாம்."

அப்போது ராபியா சிரித்தாள். துப்பட்டியால் வாயைப் பொத்திக்கொண்டும் அடங்காமல், தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். இரண்டு வருஷமாக எங்கள் வீட்டில் கேட்காத சிரிப்பு அது. என்னைப் பார்த்துத்தான் சிரித்தாள், என் மடத்தனத்தை நினைத்துத்தான் சிரித்தாள். ஜாஹிராவும் சேர்ந்துகொண்டாள். எனக்குக் கோபம் வரவே இல்லை. தோளில் இருந்து ஒரு மூட்டையை யாரோ வாங்கிக்கொண்ட மாதிரி இருந்தது. அல்ஹம்துலில்லாஹ் என்று வாய்விட்டுச் சொன்னேன். பரீது இன்னும் இரண்டு டீ சொன்னான், மச்சானுக்குச் சர்க்கரை கூடப் போடச் சொன்னான்.